இருட்டறைச் சிவப்பு பல்ப்

இஞ்சாருங்கோ,

ஏழு மணி லோஞ்சில் கடல் தாண்டி மூதூருக்குப் படிப்பிக்கப் போறன். மீன் குழம்பு குசினியில் இருக்கு, பூனை கவனம்.

ஸ்ரூடியோ இருட்டறையில் சிவப்பு பல்ப் வெளிச்சம் பட்டுத்தான் மேசையில் கிடந்த போட்டோக் கடதாசியெல்லாம் பழுதாய்ப் போனதெண்டு நேற்றுச் சொன்னீங்கள். நான் கணக்குப் பார்த்தனான். பிளாங்கின் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால், சிவப்பு ஒளியின்ரை ஒரு துணிக்கைக்கு, அதுதான் போட்டோனுக்கு, 1.9 இலத்திரன்வோல்ற்று, நீலத்துக்கு 2.8. உங்கடை கடதாசியைக் கறுப்பாக்கச் சிவப்புக்குச் சக்தி காணாது. ஆரோ வெள்ளை பல்பைப் போட்டிருக்கினம்.

மங்களேஸ்வரி

பி.கு. பழுதான கடதாசி ஒண்டை விடியக் காலமை மருந்தில் கழுவினனான். முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும், மேலே கிடந்த கொண்டை ஊசியின் வடிவம் வெள்ளையாய் விழுந்திருக்கு. சோத்துக் கோப்பைக்குக் கீழே வைச்சிருக்கிறன், பாருங்கோ. நான் பின்னல்தான் போடுறனான்.