புளி போட்டுத் தேய்த்த குதிரை

எங்கள் வீட்டு சிங்க்கில் விளக்குகளுக்காகப் புளி ஊறிக்கொண்டிருக்கிறது. அந்த வாசனை வந்ததுமே உன்மேல் எனக்குப் பொறாமை கிளம்பிவிட்டது. செத்துப்போனவன்மேல் பொறாமைப்படுவது அழகில்லைதான். உன்னிடம் மறைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது?

எடிசன் ஓட்டல் ஹாலில் நடந்த அந்த நாணயக் கண்காட்சி உனக்கு மறந்திருக்காது. மூலை மேஜையில் ஒரு தட்டு நிறைய அழுக்குக் காசுகள். ரோமானியர் வந்து பிடிப்பதற்கு முன்னால் பிரான்சுப் பக்கம் வாழ்ந்த கெல்ட் இனக்குழுக்களின் சின்ன வெண்கலக் காசுகள். தட்டை முதலில் கிளறியவன் நான். பொறுக்கிப் பொறுக்கி, குதிரையின் கால் மட்டும் தெரிந்த ஒன்றை எடுத்தேன். காபியோடு வந்த நீ, மண் அப்பியிருக்கிறதே என்று நான் ஒதுக்கியதை எடுத்துக் கட்டைவிரலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தாய். பிடரி பறக்க ஒரு முழுக் குதிரை, அதன்மேல் வழவழவென்று கரும்பச்சைப் படலம்.

"என்னைப் பாத்துதான்டா ஓடி வந்துச்சு," என்று சிரித்தாய். எனக்கு வயிறு எரிந்தது. அது போதாதென்று, திரும்பும் வழியெல்லாம் பாடம் வேறு எடுத்தாய். "க்ளீன் கீன் பண்ணிடாத. அந்தப் பச்சை போச்சுன்னா காசே போச்சு." எனக்குத் தெரியாதா என்ன! வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அதையே நான் பத்துத் தடவை சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி மீனாவை விசாரிக்க என்று பேர். உண்மையில் அந்தக் காசைக் கேட்டு வாங்கிவிடத்தான் போனேன். மீனா என்னைப் பூஜை அலமாரிக்கு அழைத்துப் போனாள். விளக்குக்குப் பக்கத்தில் புதுப் பித்தளை மாதிரி மின்னிக்கொண்டு உன் குதிரை, நடுவில் குங்குமப் பொட்டோடு!

"ஒரே களிம்பா கிடந்துச்சுண்ணா. எப்பப் பாரு இதைத்தான் கையில வச்சுட்டு இருப்பாரு. இப்ப வாரா வாரம் விளக்கோட சேத்து நானே புளி போட்டுத் தேச்சிடறேன். நல்லா இருக்குல்ல?"

இரண்டாயிரம் வருஷத்துப் பச்சை சிங்க்கோடு போய்விட்டது. இனி என் காசுதான் ஒசத்தி என்று ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. "ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றேன். அவள் விரல் நுனியால் அந்தப் பொட்டைச் சரிசெய்தாள், உன் முகத்தில் எதையோ துடைத்துவிடுவது போல. வந்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது. காசைக் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று என் குதிரையைப் பேஸ்மெண்ட்டிலிருந்து எடுத்துவந்து, என் மனைவியும் தேய்த்துவிடட்டும் என்று சிங்க் ஓரம் விளக்குகளோடு வைத்தேன். அவள் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயோ, இது இங்க எப்படி வந்துச்சு? தேய்க்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? முதல்ல உள்ள வைங்க."

ஈரம் படாமல் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். அது பச்சை கெடாமல் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தத் தடவையும் நீதான்டா ஜெயித்தாய்.