பொன்னாயி அம்மாவுக்கு யார் சொன்னது?

அன்புள்ள அத்தாவுக்கு, கொல்லிமலையிலிருந்து உங்கள் மகள் நஸ்லினின் சலாம். உங்கள் முட்டிவலி தேவலையா?

எங்கள் மிளகுக் கம்பெனி என்னை ஏற்காட்டுக்கு மாற்றிவிட்டது. வாடகை ஒப்பந்தம் இன்னும் முடியவில்லையே என்று பயந்துகொண்டே வீட்டுக்கார அம்மா பொன்னாயியிடம் போனேன். நான் வாய் திறக்குமுன்பே, "ஏற்காட்டுக்குத்தான கண்ணு? ஒப்பந்தத்த உடு சாமி, சந்தோசமாப் போய்ட்டு வா" என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு ஆளுக்கு வீட்டைப் பேசிவிட்டாரா? நான் போனில் பேசுவதை ஒட்டுக் கேட்கிறாரா? காய்ச்சலில் கிடந்தபோதும் நான் சொல்லாமலே கஞ்சி கொண்டுவந்தார். அந்தக் காய்ச்சலையும் இந்த மாற்றலையும் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன், அத்தா.

அவரைக் கேட்டால் சிரிக்கிறார். பொன்னாயி அம்மா நம்பரைத் தந்ததுபோல ஏற்காட்டு வீட்டுக்காரர் நம்பரை உங்களுக்குத் தரமாட்டேன். ஏற்காட்டுக் குளிருக்கு நம் வீட்டிலிருக்கும் அம்மாவின் கம்பளியை மட்டும் அனுப்புங்கள். என்னைப் பற்றி என்னிடமே கேளுங்கள், தினமும் கேளுங்கள்.

தபால்காரர் கிளம்புகிறார்.

உங்கள் நஸ்லின்