ஈரக் கில்ட்டோடு நட்ட பந்தக்கால்

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் ஆடுமாடும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீ நன்றாக இருக்கிறாயா என்பதுதான் என் நினைப்பு. உன் தம்பி அன்புச்செல்வன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாச்சு செல்வி, நீ வர முடியாவிட்டாலும் நட்டது உன் வெள்ளைக்காரப் புருஷன்தான்! அப்போது வாசலில் இருந்தவர்கள் உங்கப்பா, தம்பி, அண்ணன் சுபாஷ், அவன் மகள் அபிநயா, ரங்கம்மாள் அத்தை, பூசாரி வேடியப்பன், உன் பெரியப்பா நாராயணசாமி, அவர் மருமகன் பூமாலை, அக்கம்பக்கத்துப் பெண்கள். ரிஷிவந்தியத்துச் சனம் ஒருத்தரும் வர முடியவில்லை, இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு மறியல்.

மாப்பிள்ளை வந்த பஸ்ஸும் உளுந்தூர்பேட்டை தாண்டி நின்றுபோய், கத்திரி வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். மறியல் பையன்கள் யாரென்று கேட்டதற்கு நீ சொல்லிக்கொடுத்த தமிழில் தியாகதுருகத்து மாப்பிள்ளை என்றாராம், அவர்களே இளநீர் வெட்டிக் கொடுத்து சைக்கிளில் ஏற்றி விட்டார்களாம். முந்தின நாள் காலையில் வந்து சேர்ந்தபோது முகம் மிளகாய்ப் பழம். நல்ல காரியத்துக்கு எங்கள் ஊரில் இதைத்தான் கட்டுவோம், அவளும் இதைத்தான் கட்டச் சொன்னாள் என்று கட்டம்போட்ட மடிப்புப் பாவாடை மாதிரி இருக்கும் அந்தக் கில்ட்டை எடுத்துக் காட்டினார். அடியம்மா, அது கம்பளிடி! அதோடு முட்டிவரை கம்பளிக் காலுறை வேறு. காலுறையை நான் பிடுங்கி வைத்துக்கொண்டு அப்பா செருப்பைக் கொடுத்தேன், உள்ளே போட மெல்லிசுப் பருத்தி டிராயரும் கொடுத்தேன், நீ சிரிக்காதே. கில்ட்டைத்தான் ரங்கம்மாள் அத்தை பாசத்தில், நம் ஆட்கள் வேட்டிக்குப் போடுவது மாதிரி, மொடமொடவென்று இருந்தால் காற்றோட்டமாக இருக்கும் என்று வடிகஞ்சி போட்டுக் காய வைத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் அது தானாகவே தரையில் நிற்கிறது. அபிநயா அதைத் தட்டிப் பார்த்து, ஆயா, மாமா பாவாடை தகரம் ஆயிடுச்சி என்கிறாள்.

நல்ல நேரம் நெருங்குகிறது. மோட்டார் தொட்டியில் முக்கிக் கஞ்சியெல்லாம் அலசிப் பிழிந்தோம், காய ஏது நேரம், அப்படியே கட்டிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றார். துளிக் காற்று வந்தாலும் மடிப்புக்குள் புகுந்துகொள்கிறது போலும், நாங்களெல்லாம் வேர்த்து ஊற்றுகிறோம், அவர் மட்டும் ஜில்லுன்னு இருக்கு அத்தை என்று சிரிக்கிறார்.

வீட்டு மூத்த மருமகன்தான் பந்தக்கால் நட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு அதை அவர் நட்டால்தான் நீயும் இந்த வீட்டுப் பெண் என்று பந்துசனம் ஒத்துக்கொண்டதாகும். அப்போது பெரியப்பா எழுந்து, இன்னாடா இது பாவாட கட்டிக்கினு வந்து நிக்கிறான், சாதி சனம் வாணாம்னு போனவ நம்ம வூட்டுப் பொண்ணே இல்ல, அவ புருசன் எப்பிடிடா மருமவன், பூமால, நீ வந்து புடி என்றார். உங்கப்பா தரையைப் பார்க்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தார் எதிரில் வாய் திறக்காத நான், எம் பொண்ணு இந்த வூட்டுப் பொண்ணுதாங்க, அவ புருசன்தான் நடுவாரு என்று சொல்லிவிட்டேன். உடனே வேடியப்பன், குளிச்சி ஈரத்துணியோட நிக்கிறாரு, சாமி காரியத்துக்கு இதுக்கு மேல இன்னாங்க சுத்தம் வோணும் என்றார். பூமாலையே, வாங்க சகல என்று குழிப் பக்கம் கையைப் பிடித்து அழைத்துப் போனான்! கல்வராயன் மலை மூங்கில், நல்ல கனம், மாப்பிள்ளை ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினார். பெண்கள் குலவை போட்டது துருகம் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். நான் அழுதேன் செல்வி, உன் பேரைச் சொல்லித்தான் மஞ்சத் தண்ணி ஊற்றினேன்.

கல்யாணத்தன்றும் நனைத்துத்தான் கட்டுவாராம், சளி பிடிக்காமல் சுக்குக் காப்பி கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். ரங்கம்மாள் அத்தை கெடுத்துவிட்டேனே என்று அழுகிறாள், மறக்காமல் அவளுக்கு இரண்டு வரி போடு. அய்யனார் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிறும் வாழ்வும் நிறைந்து இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
ராணியம்மாள்

மறியல் பண்ணினவர்கள் மேல் கோபமில்லை, தரையைப் பார்த்த உங்கப்பாவையும் விட்டுவிட்டேன். நீ நம் வீட்டுப் பெண்ணே இல்லை என்ற வாயை மட்டும் என் கட்டை வேகும் வரைக்கும் மன்னிக்க மாட்டேன். அது உன் பெரியப்பா நாராயணசாமி.