மெயின் சுவிட்சில் கட்டிய மஞ்சள் துணி

அன்புள்ள சம்பந்தி,

புது அகல்களை இன்று காலை பக்கெட் தண்ணீரில் ஊறப் போட்டேன். மண் தண்ணீர் குடிக்கிற அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் என் கண் தானாக வாசல் பக்கத்து மெயின் சுவிட்சுக்குப் போயிற்று. நீங்கள் கட்டிய மஞ்சள் துணி இன்னும் அதில் இருக்கிறது. வெளுத்துவிட்டது. மஞ்சள் என்று சொன்னால்தான் தெரியும். நாளைக்குக் கார்த்திகைத் தீபம். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் தீபம். இது ஐந்தாவதோடு நின்றவளின் கையெழுத்து. நீங்கள் எட்டாவது படித்தவர். பிழை கண்டால் வழக்கம்போல் சிரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அதைக் கட்டிய வருஷம் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். உங்கள் மகள், என் மருமகள் கலை, பிரசவ லீவு முடிந்து எங்கள் வேங்கிக்கால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்திருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் வீட்டில் இருந்தபடியே டோக்கன் போட அவள்தான் புரோகிராம் எழுதுகிறாள். கீரைக்காரம்மா முதல் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. ஆனால் அவள் ஆபீசில், பிள்ளை பெற்றவள் இனி பழையபடி வேலை செய்வாளா என்று ஒரு பேச்சு இருந்தது. தீபத்தன்று சாயங்காலம், தான் செய்ததை அவள் கம்ப்யூட்டர் வழியாக ஆபீசில் எல்லோருக்கும் காட்டியாக வேண்டும். தீபத்துக்கு நம் ஊருக்குத்தானே விடுமுறை, அவள் ஆபீசுக்கு ஏது?

நேரம் நெருங்கியதும் தெருவில் ஒவ்வொரு வீடாக இருண்டது. மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் நம் வீடுகளில் விளக்கு. நீங்கள் எழுந்து, "ஒவ்வொரு சுவிட்சா எதுக்கு சம்மந்தி, ஒரே தட்டு" என்று மெயினை இறக்கிவிட்டீர்கள்.

கதவைத் திறந்துகொண்டு கலை ஓடி வந்தாள். "யாரும்மா மெயினை ஆஃப் பண்ணது? பேசினே இருக்கேன், நெட்டு போச்சு!"

"தீபம்டி. ஊரே இருட்டுல கெடக்குது, உனுக்கு மட்டும் என்னா வெளிச்சம்?" என்றீர்கள்.

மலையுச்சியில் ஜோதி தெரிந்தது. நாம் இருவரும் அரோகரா சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கும் வாசலுக்கும் ஓடினாள். ஊர் கொள்ளாத கூட்டம் கூடுகிற நாளில் சிக்னல் எங்கே கிடைக்கும்? மெயினைப் போட்டு நெட் திரும்பி வருவதற்குள் அந்தப் பக்கம் இருந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, "என்னால ஆவலம்மா. வேலையும் புள்ளையும் ரெண்டும் ஆவல. வேலையை வுட்டுடறேன்" என்று அழுதாள்.

நீங்கள் அவளைத் தேற்றவில்லை. என் பக்கம் திரும்பினீர்கள். "சம்மந்தி, காலைல கொழந்த உங்க பொறுப்பு, சாயங்காலம் என் பொறுப்பு. இவ ரூம் கதவை நாம தட்டவே கூடாது. எட்டாவது படிச்சவ சொல்றேன், கேட்டுக்குங்க." மறுநாள் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து மெயின் சுவிட்சில் கட்டினீர்கள். யார் கையும் அதன்மேல் படக் கூடாது என்பதற்கு அடையாளம். நல்லவேளை, ஆபீசில் அவளுக்கு இன்னொரு நாள் கொடுத்தார்கள். வேலை தப்பியது.

அடுத்த தீபத்துக்கு விளக்குகளை ஒவ்வொன்றாக நீங்களே அணைத்தீர்கள். கலையின் ரூமில் நெட் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. "உங்க வூட்ல இன்னா, பச்சையா தெரியுது?" என்று பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து கேட்டாள். "அது அவ வேல செய்யற வெளக்கு. அதுவும் நம்ம வூட்டு வெளக்குதான், எரியட்டும்" என்றீர்கள். எத்தனையோ தீபம் பார்த்தவள் நான். அந்தப் பதிலைக் கேட்டு அசந்து நின்றது போல் எதிலும் நின்றதில்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் டவுனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவீர்கள். நீங்கள் வந்தால் எனக்கு முட்டியை நீட்டி உட்கார நேரம் வந்தது என்று அர்த்தம். கலை 'பேலன்ஸ்' என்று ஒரு வார்த்தை சொல்வாள். வேலை ஒரு தட்டு, வீடு ஒரு தட்டு, ரெண்டும் சமமாக நிற்க வேண்டுமாம். தராசு நன்றாகத்தான் நின்றது. அதை நம் நாலு கை தூக்கிப் பிடித்திருந்ததை, ஆடி மாசம் நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் வீடு தெரிந்துகொண்டது.

அதற்கப்புறம் சாயங்காலம் ஆனால் பேத்தி கலையின் ரூம் கதவைத் தட்டுவாள். ஓடிப் பிடிக்க என் முட்டிக்கு முடிவதில்லை. கலை அவளை மடியில் வைத்துக்கொண்டே மீட்டிங்கில் பேசுவாள். போன மாசம் அவளை ஒரு குழுவுக்குத் தலைமையாகப் போடுகிறோம் என்றார்கள். சந்தோஷமாகச் சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். "வேணாம்னு சொல்லிட்டு, வேலையையும் வுட்டுடறேன் அத்தை. அம்மா இருந்தப்போ முடிஞ்சுது" என்றாள்.

அன்று நான் சாப்பிடவில்லை. என் மகன் செந்திலின் ஆபீஸ் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். ஆறு மணிக்குள் வேலை முடிந்துவிடும். அவன் வருவதோ எட்டரைக்கு. நடுவில் டீக்கடை, சிநேகிதர்கள், ஆசிரமம் பக்கம் ஒரு சுற்று. நீங்கள்கூட ஒரு தடவை, "உங்க புள்ளைய ஒரு நாள் சாயங்காலம் கொழந்தையோட வுட்டுப் பாருங்களேன், எப்டி முழிக்கறாருன்னு பாக்கலாம்" என்றீர்கள். விளையாட்டுக்குச் சொன்னதாக எண்ணி இருவரும் சிரித்து அதோடு விட்டோம்.

அவன் வந்ததும் சொன்னேன். "நாளையிலேர்ந்து உன் மாமியார் பாத்த சாயங்காலம் உன்னுது."

"நானாம்மா? எனக்கு அவளுக்குச் சோறு ஊட்டவே தெரியாதே."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுதா? உன்னை வச்சுத்தான் கத்துக்கினேன். நீ உன் பொண்ணை வச்சுக் கத்துக்க."

முதல் நாள் அவன் போட்ட சடை காதுக்கு மேல் கொம்பு மாதிரி நின்றது. "ஆயா சொல்ற நரிக் கதை சொல்லுப்பா" என்று உங்கள் கதையைக் கேட்டாள் பேத்தி. அவனுக்குத் தெரிந்தது பட்டா மனு வாங்குகிற அவன் ஆபீஸ்தான். அவன் கதையில் நரி, குகைக்குப் பட்டா கேட்டு மனு கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறது. குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பட்டா மட்டும் இன்னும் வந்தபாடில்லை. ஒரு வாரம் இதைக் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த கலை, தலைமைப் பொறுப்புக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். களைப்பு போய்விடவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வேலையை விடுகிற பேச்சு இல்லை.

நாளைக்கு ஜோதி தெரிகிற நேரத்திலும் அவளுக்கு மீட்டிங்காம். குழந்தையைத் தோளில் வைத்து மாடியிலிருந்து காட்டுவது செந்தில் பொறுப்பு. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பது என் பொறுப்பு. புதுசாக ஒரு மஞ்சள் துணி கிழித்து மெயின் சுவிட்சில் கட்டிவிட்டேன். உங்கள் முடிச்சை அவிழ்க்க மனசு வரவில்லை, அதன் மேலேயே கட்டினேன். பக்கத்து வீட்டம்மா நாளைக்கும் கேட்பாள். நீங்கள் சொன்ன பதிலை அப்படியே வைத்திருக்கிறேன்.