ஊதாத இரண்டு விசில்

அண்ணாச்சி,

இன்றைக்குச் சாயங்காலம் அக்காவைப் பார்க்க, சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். நீங்கள் டிரைவராகவும் நான் கண்டக்டராகவும் ஓட்டிய அதே தடம். பட்டாசுக் கம்பெனிக்குப் பாதை பிரியும் விலக்கில் வண்டி நின்றதும் பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். அவர்களோடு அந்த வாசனையும் ஏறியது, பட்டாசு மருந்தும் சோப்பும் கலந்த வாசனை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளித் தூள் போகாத கைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டன.

எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த பெண், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளிடம் கதை சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இங்கன முன்னாடி ஸ்டாப்பே கெடையாதாம். ஒரு செவிட்டு டிரைவர் இருந்தாராம். கண்டக்டர் விசிலு ஊதிக்கிட்டே இருப்பாராம், அவரு காதுல விளாதாம். வண்டி அப்படியே நிக்குமாம். அதுக்குள்ள நம்ம ஆளுக ஓடியாந்து ஏறிக்கிருவாகளாம். எங்க அத்தை சொன்னாக."

இரண்டு பேரும் சிரித்தார்கள். உங்களைத்தான் சொல்கிறார்கள், அண்ணாச்சி. உங்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்த ஒரே ஆளான நான் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தடத்துக்கு அரசு வண்டி வந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தனியார் வண்டிகள் மெயின் ரோட்டோடு போய்விடும். கரிசல் காட்டு ரோட்டில் ஊர் ஊராக நுழைந்து வருவதற்கு நம் டவுன் பஸ்ஸை விட்டால் வேறு நாதியில்லை. ஜன்னல் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்காது. மழை வந்தால் வண்டிக்குள்ளேயே குடை பிடிப்பார்கள். ஆனாலும் அதைத் தவறவிட்டால் அந்தப் பெண்கள் லோடு வண்டியில் தொற்றிக்கொண்டுதான் வீடு போய்ச் சேர வேண்டும்.

கம்பெனி கேட்டிலிருந்து விலக்குக்குக் கால்மணி நடை. கை கால் கழுவி, சேலை மாற்றி, கேட்டில் சோதனை முடிந்து அவர்கள் வருவதற்கும் நம் வண்டி வருவதற்கும் எப்போதும் ஐந்து நிமிடம் இடிக்கும். நேரத்தை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் உங்கள் வழியில் மாற்றினீர்கள். விலக்கில் வண்டியை ஓரங்கட்டி, சூடே ஆகாத இஞ்சினின் மூடியைத் தூக்கி, குடத்துத் தண்ணீரை நிதானமாக ஊற்றுவீர்கள். "இன்னைக்கும் சூடா டிரைவரே?" என்று யாராவது கேட்டால், "அவளுக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது" என்பீர்கள்.

அதில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் என்றால் எடுக்க வேண்டும். இரண்டு விசில் வராமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. பஸ் ஏறிய சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்ப்பீர்கள். கடைசிப் பெண் ஏறும்வரை நான் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பேன். நாம் பேசிவைத்துக்கொண்டதில்லை. தானாக ஏற்பட்ட பழக்கம்.

ஒருநாள் மேகம் கூடியிருந்தது. பெண்கள் எல்லாரும் வந்து ஏறிவிட்டார்கள், அதே கம்பெனியில் வேலை பார்த்த என் அக்காவைத் தவிர. நீங்கள் திரும்பி, "என்ன தம்பி, போவமா?" என்றீர்கள். "கொஞ்சம் பொறுங்கண்ணாச்சி, அக்காவைக் காணோம்" என்றேன். நீங்கள் இஞ்சினையே அணைத்துவிட்டீர்கள். வெகுநேரம் கழித்து அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அந்த வண்டியில் வந்த ஒருவர் சாத்தூரில் ரயிலைத் தவறவிட்டார். போகவேண்டிய காரியம் கெட்டுப்போன கோபத்தில் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

டிப்போவில் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. முந்தின நாள் இரவெல்லாம் அந்த ஒரே நினைப்புத்தான் ஓடியது. உங்களை நினைக்கவே இல்லை. அதிகாரி என்னைத்தான் முதலில் கேட்டார், வண்டி ஏன் அவ்வளவு நேரம் நின்றது என்று.

"நான் ரெண்டு விசில் கொடுத்தேன் சார். டிரைவர் எடுக்கலை."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நான் புதுச்சட்டை போட்டு வந்தால் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். பிறகு அதிகாரியிடம் சொன்னீர்கள்: "ஆமா சார். எனக்குக் கேக்கலை."

வெளியே வந்ததும், "வா, டீ குடிப்பம்" என்றீர்கள். நானும் வந்து, முழு டீயையும் குடித்தேன். அது எப்படி என் தொண்டையில் இறங்கியது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுப்பதோடு போய்விடும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் காது கேட்காத டிரைவரை யார் வண்டியில் ஏற்றுவார்கள்? பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இருபது வருடம் இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்த காது, கொஞ்சம் மந்தம் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். எந்த டிரைவரைச் சோதித்தாலும் அதையேதான் எழுதியிருப்பார். ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு உங்களை டிப்போவில் டீசல் பிடிக்க விட்டார்கள். வண்டி ஓட்டவென்றே பிறந்த நீங்கள், அதன்பிறகு ஓய்வு பெறும்வரை வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு அடுத்த வருடம் வேலை நிரந்தரமானது.

"செவிட்டு அண்ணாச்சி" என்று யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எல்லாரும் உங்கள் காதருகே வந்து கத்துவார்கள். நீங்களும் கையைக் காதில் வைத்து, "ஆங்?" என்று நடித்துக் காட்டுவீர்கள். ஒருநாள் நான்கு பேர் சிரித்துக்கொண்டு நின்றபோது நானும் குனிந்து, "அண்ணாச்சி, நம்ம வண்டிக்கு டீசல்!" என்று கத்தினேன். ஊரோடு ஒத்துப்போகிற புத்தி. நீங்கள் நடிக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "மெதுவாச் சொல்லு தம்பி. நல்லாக் கேக்கு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் டீசல் போடுகிற வரிசையில் வண்டியை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டேன்.

அக்கா பலநாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்த டிரைவரண்ணன எங்கடா காணோம்? புது ஆளு நிக்கவே மாட்டேங்கான்." காதில் கோளாறு, வண்டி கொடுப்பதில்லை என்று அவளிடமும் சொன்னேன். "அய்யோ பாவம்" என்றாள். அவள்தான் கம்பெனியில் போய்ச் சொல்லியிருப்பாள். அங்கே வாய்க்கு வாய் மாறித்தான் இன்றைக்கு இந்தப் பெண்கள் சிரிக்கிற கதையாக ஆகியிருக்கிறது. நீங்கள் வேண்டுமென்றே காத்து நின்றதெல்லாம் காது கேளாமல் நின்றதாகிவிட்டது.

போன மாசி மாதம் நீங்கள் இறந்த துட்டிக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "டூட்டில காது கேக்கலைன்னு எறக்கிவிட்டாக. வீட்டுல அடுப்படில நான் முணுமுணுத்தாக்கூட திரும்பிப் பாப்பாக. அது என்ன காதோ தெரியல" என்றார்கள். ஆக, நீங்கள் அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட இதுதான் சமயம் என்று மனசு அடித்துக்கொண்டது. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அந்த விலக்கில் ஸ்டாப் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, இலவசம். வண்டியும் புதுசு, ஷட்டர் ஒழுங்காக இறங்குகிறது. இன்று கடைசியாக ஒருத்தி தூரத்தில் ஓடிவந்தாள். இளவட்டக் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றான். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏறினாள். பிறகு இரண்டு விசில்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. முன்சீட்டுப் பக்கம் குனிந்து, "அவருக்குக் காது நல்லாக் கேக்கும்மா" என்றேன்.

அந்தப் பெண் திரும்பினாள். "யாருக்குத் தாத்தா?"

"அந்த டிரைவருக்கு. நீங்க எல்லாரும் வந்து ஏறட்டும்னுதான் நிப்பாரு."

"அப்படியா? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் சட்டைப் பையில் அந்தப் பழைய விசில் கிடந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்கே போனாலும் கூடவே வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டினாலே போதும், வாய் திறக்கக்கூட வேண்டியதில்லை. கை சட்டைப் பைவரைக்கும் போனது. இரண்டு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேள்விப்பட்டேன்" என்றேன்.

ரொம்ப மெதுவாகத்தான் சொன்னேன், அண்ணாச்சி. ஆனாலும் உங்களுக்குக் கேட்டிருக்கும்.