பள்ளி வாசல் அத்தியாயம்

ஜூன் 3
கவிதைக்கு அம்மாவுக்கு ஒரு தாள் போதும். நாவலுக்குச் சாப்பாட்டு மேசை முழுதும் வேண்டும். அச்சுக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய தாள்கள் வந்து பரவிக் கிடக்கின்றன. நாங்கள் மூவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். தாள்களின் ஓரத்தில் பதிப்பகத்துப் பிழைதிருத்துபவரின் பென்சில் குறிப்புகள். கோழி கிளறிய கையெழுத்து. அதை அப்படியே போலச் செய்வது எனக்குக் கைவந்த கலை.

ஜூன் 4
கதையில் வரும் மகள் நான்தான். அப்பா வேற்று நாட்டு சாக்பீஸ், அம்மா கரும்பலகை, நடுவில் நான் பாதி துடைத்த பாடம். (உவமைக்கு உரிமை எனக்கே.) இரண்டாம் அத்தியாயத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே கிளறினேன்: "பெண் இவ்வளவு அசடா? அழகைக் கூட்டவும்."
"இந்தாளுக்கு என்ன வந்துச்சு?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். ஆனாலும் ஒரு வரி கூட்டினாள்.

ஜூன் 6
ஐந்தாம் அத்தியாயம். பள்ளி வாசல், எனக்கு ஆறு வயது. யாரோ ஒருத்தி எங்கள் இருவர் நிறத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "பிள்ளையப் பாத்துக்க வர்ற ஆளா?" என்கிறாள். சிறுமி "எங்கம்மா" என்று கத்தியபடி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள்.
பொய். நான் வாயே திறக்கல. ஷூவைப் பாத்துக்கிட்டு நின்னேன். அம்மாவுக்கு மறந்துபோச்சா, இல்ல எனக்காக மறைச்சாளா? இதைப் படிச்சிட்டு எல்லாரும் என்னைக் கொஞ்சுவாங்களே —

ஜூன் 7
அதே கோழிக் கிளறலில் ஓரத்தில் எழுதிவிட்டேன். "இப்படி நடக்கவில்லை."

ஜூன் 8
மாட்டிக்கொண்டேன். பிழைதிருத்துபவர் அன்று பள்ளி வாசலில் இல்லையே. இது உறைக்காத நான் ஓர் அறிவுக்கொழுந்து.
அம்மா தாளோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.
"வேணும்னுதான் பேசாம நின்னேன்மா," என்றேன். "எல்லாரும் பாத்தாங்க."
"நீ பேசலங்கறதே எனக்கு ஞாபகமில்லடி. அவ கேட்டதும் நான் ஆமான்னு தலையாட்டிட்டேன். அத மறைக்கத்தான் உன்னக் கத்தவெச்சேன்."
பத்து வருஷமா ரெண்டு பேரும் ஒரே வாசலை ஆளுக்கொரு பக்கம் ஒளிச்சு வெச்சிருக்கோம்.
பிறகு காதைத் திருகினாள். அது அழகு கூட்டியதற்கு.

ஜூன் 15
புது ஐந்தாம் அத்தியாயம். ஒருத்தி தலையாட்டுகிறாள், ஒருத்தி தலை குனிகிறாள். படித்துவிட்டு அப்பா இரண்டு முறை மூக்கைச் சிந்தினார். ஜலதோஷமாம்.

ஜூன் 21
பதிப்பாளரின் போன், ஸ்பீக்கரில்.
"பழசே இருக்கட்டுமே. படிக்கறவங்க உருகிடுவாங்க."
"இங்க ஒருத்தி விடமாட்டேங்கறா," என்றாள் அம்மா.
"யாருங்க அது?"
அம்மா வாயைத் திறக்குமுன் நான் போனருகே குனிந்தேன்.
"அவங்க பொண்ணு பேசறேன்."