பதினேழே முக்கால் சுற்று

தாமரைத்தாங்கல்,
மார்ச் 12

அன்புள்ள தேவகி,

ஜோஹரா எழுதுகிறேன். கோவையில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே என் வீட்டுக்காரர் கௌஸ் பாஷாவுக்கு முட்டிவலி. அப்படியும் காஞ்சிபுரம் ஜரிகைக் கடைக்குத் தினமும் போய்வருகிறார். எனக்கு நோன்பு. மதியம் மூன்று மணிக்கு மேல் பதிவேட்டில் எழுத்தெல்லாம் மிதக்கிறது. போனில் பேசலாமே என்பாய். என் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காது எவ்வளவு நீளம் என்பது உனக்குத் தெரியாததா.

நீ மாற்றலாகிப் போனதிலிருந்து நம் நகராட்சிக் கணக்குப் பிரிவு முழுவதும் என் தலையில்தான். இந்த வருடம் மாநில அரசின் மானியம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் வரவையும் செலவையும் சரிக்கட்ட வேண்டும். துண்டு விழுவது முப்பத்தெட்டு லட்சம். மன்றத்தில் மூன்று மணி நேரம் பேசினார்கள். பூங்கா நீரூற்றை நிறுத்தத் தீர்மானம் போட்டார்கள், அது ஓடியே ஆறு வருடம் ஆகிறது. தெருவிளக்கில் ஒன்று விட்டு ஒன்றை அணைப்பதாக முடிவாயிற்று. கூட்டத்துக்கு வாங்கும் மிக்சரையும் பாதாம் பாலையும் குறைக்கலாம் என்று நான் எழுதியிருந்ததை ஒருவரும் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் தினக்கூலிக்காரர்கள் ஒன்பது பேர் மேல் கண் விழுந்தது. முதலில் ஒருவரை நிறுத்திப் பார்ப்போம் என்றார் தலைவர். யாரை என்பதை ஆணையர் என்னிடம் தள்ளிவிட்டார். மூன்றாம் வார்டில் இருப்பவன் உன் தம்பி பாலாஜி, அவன் பெயரை நான் தொடுவேனா. மற்றவர்களுக்கும் சிபாரிசுக்கு ஒரு கவுன்சிலரோ ஒரு மாமனோ இருக்கிறார்கள். ஏழாம் வார்டு கோதண்டபாணிக்கு யாரும் இல்லை. திருப்புட்குழியிலிருந்து சைக்கிளில் வருவாரே, அவர்தான். பெண்டாட்டி பிள்ளை என்று ஒருவர் கிடையாது. அவர் பெயரை எழுதினேன். எழுத அரை நிமிடம் கூட ஆகவில்லை, அதுதான் உறுத்துகிறது.

சாயக்காரத் தெருவில் அவர் தண்ணீர் விடுவதை நீயும் பார்த்திருக்கிறாய். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை பதினோரு மணி. வால்வுக் குழியின் இரும்பு மூடியை, வால்வைத் திருகும் இரும்புச் சாவியால் மூன்று தட்டு தட்டுவார். பெண்கள் குடத்தோடு வந்துவிடுவார்கள், பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் தொட்டியைக் கழுவ ஆரம்பிப்பார்கள். பிறகு பதினேழே முக்கால் சுற்று. குறைந்தால் கடைசி வீட்டுக்கு ஏறாது, கூடினால் பழைய குழாய் பிளந்துவிடும். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்று நம்மிடம் ஒரு காகிதம் கிடையாது, எல்லாம் அந்த ஒன்பது பேர் கையில்தான் இருக்கிறது. இதை ஆணையரிடம் சொன்னேன். பக்கத்து வார்டு ஆள் பழகிக்கொள்வான் என்றார்.

உன் மாமியாருக்கு என் சலாம் சொல். பெருநாளைக்கு நீ இல்லாமல் பிரியாணி யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

உன்,
ஜோஹரா

*

தாமரைத்தாங்கல்,
ஏப்ரல் 17

அன்புள்ள தேவகி,

உன் கடிதமும் சேலைப் படமும் கிடைத்தன. அந்த மாம்பழ நிறம் உனக்கு எடுக்கும், வாங்கிவிடு. இனி எழுதப்போவதைப் பகலில், ஆட்கள் இருக்கும்போது படி. நானும் பகலில்தான் எழுதுகிறேன்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி கோதண்டபாணி சாவியோடு என் முன்னால் வந்து நின்றார். வாங்கி இருப்புப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் தணிக்கையில் என் தலை உருளும். அவர் கொடுக்கவில்லை. 'மேசையில வாங்காதம்மா. வால்வாண்ட வந்து வாங்கு. அடுத்து வர்றவன் கையும் என் கையும் சேர்ந்து ஒருவாட்டி சுத்தணும். அப்பதாம்மா என் கை அத்த விடும்' என்றார். ஆள் மாறும்போதெல்லாம் இவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். அடுத்து வருகிறவர் என்று யாரும் இல்லை என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வருடக் கடைசி, வெயில் வேறு. இதென்ன கோயில் சாவியா என்று கேட்டுவிட்டேன். மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி பதினோரு மணிக்குச் சாயக்காரத் தெருவில் தண்ணீர் வந்தது. நான்காம் தேதியும் வந்தது. வேறு சாவி வைத்திருப்பார், பழக்கதோஷத்தில் வந்து திறக்கிறார் என்று நினைத்தேன். கிழவருக்கு என்ன வீம்பு என்று கௌஸ் பாஷாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஐந்தாம் தேதி அவர் இறந்துவிட்டார். துக்கத்துக்குத் திருப்புட்குழி போயிருந்தேன். பக்கத்து வீட்டு எல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். முப்பத்தொன்றாம் தேதி வந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம், கஞ்சி கூட அவள்தான் ஊற்றியிருக்கிறாள். 'ஒருநா வுட்டு ஒருநா, பதினோரு மணி ஆனா சோத்துக் கை மட்டும் சுத்திக்கினே இருக்கும்மா. ஆளு தூங்கிக்கினு இருப்பாரு, கை தூங்காது' என்றாள். நான் எத்தனை சுற்று என்று கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

அடக்கம் முடிந்த மறுநாளும் தண்ணீர் வந்தது தேவகி. அதற்கப்புறமும் முறை தவறாமல் வந்தது. பக்கத்து வார்டு ஆட்களைத் தனித்தனியாக விசாரித்தேன், ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. நேற்று நானே போய் நின்றேன். மூடியைச் சுற்றி மண் இறுகி, நெருஞ்சி படர்ந்து பூத்திருக்கிறது. கைப்பிடி வளையத்தில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. நல்ல வெயில், தெருவில் ஒருவர் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு மூன்று தட்டு கேட்டது. மேலிருந்து இல்லை, மூடிக்கு அடியிலிருந்து.

பெண்கள் குடத்தோடு வெளியே வந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, ஆள் போனால் என்ன மேடம், தண்ணீர் வருகிறதே என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, யாரும் பேசிக்கொள்வதில்லை. அலுவலகத்துக்கு வந்து பீரோவைத் திறந்தேன். சாவி ஈரமாக இருந்தது. பாலாற்றுக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு குளிர்ச்சி. துப்பட்டாவில் துடைத்து உள்ளே வைத்தேன், வேறென்ன செய்வது.

எனக்குப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள், பதில் மட்டும் போடு.

உன்,
ஜோஹரா

*

தாமரைத்தாங்கல்,
மே 12

அன்புள்ள தேவகி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். இன்று மூன்று முறை உனக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் என்ன சமையல் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயில் வராதது கையில் வருகிறதா பார்க்கிறேன்.

மானியத்தின் இரண்டாம் தவணையும் வரவில்லை. போன வாரம் மன்றத்தில் தலைவர் எழுந்து, 'ஏழாவது வார்டுல ஆளே இல்லாம தண்ணி வந்துக்கினு இருக்குது. மத்த எட்டுப் பேருக்கு எதுக்குப்பா கூலி?' என்றார். மேசையைத் தட்டி வரவேற்றார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே, அங்கேயே மேசைத் தீர்மானமாக நிறைவேறிவிட்டது. எப்படி வருகிறது என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்பார் என்று காத்திருந்தேன். பற்றாக்குறை தீர்ந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. பட்டியலைத் தட்டச்சு செய்து நான் கையெழுத்திட்டு, வரும் வெள்ளிக்கிழமை தன் மேசையில் வைக்கச் சொன்னார் ஆணையர். நேற்று மாலை எட்டுப் பெயரையும் அடித்து முடித்தேன். மூன்றாவது பெயர் உன் தம்பி.

இன்று காலை பத்தேகாலுக்கு அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் தெருவுக்குப் பத்தரை மணிக்குத் தண்ணீர். அவன் தட்டுவது வேறு மாதிரி, வேகமாக இரண்டு, நிறுத்தி ஒன்று. இன்னும் நேரம் இருக்கிறது அக்கா என்று சொல்லி மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் தெருப் பெண் ஒருத்தி போன் செய்தாள். 'இன்னா பாலாஜி, தட்டிட்டு ஓடிட்டியா? தண்ணி வந்துடிச்சு, பக்கத்து வூட்டுக்காரி ஊர்ல இல்ல, அவ குடத்தையும் வெச்சிக்கறேன்' என்கிறாள்.

அவன் சிரித்தான். 'நான் இங்க குந்திக்கினு இருக்கேன்கா, இவ வேற' என்றான். அவன் இடது கையில் டீ டம்ளர். வலது கை மேசை மேல் இருந்தது. அது சுற்றிக்கொண்டிருந்தது, தேவகி. மணிக்கட்டு மட்டும், மெதுவாக, அவனுக்கே தெரியாமல். அவன் அடுத்த மாதக் கல்யாணச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். பதினொன்று வரை எண்ணினேன். அதற்கு மேல் தாங்காமல் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினேன். என் கைக்குள்ளும் திமிறியது. விட்டபோது என் உள்ளங்கையெல்லாம் ஈரத் துரு. அவன், வண்டியைத் துடைத்தபோது ஒட்டியிருக்கும் என்று சொல்லி பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் என் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார். தீர்மானத்தை யாராலும் நிறுத்த முடியாது. நான் ஒன்றுதான் கண்டுபிடித்தேன். கோதண்டபாணி கேட்டதைச் செய்திருந்தால் அவர் கை விட்டிருக்கும். மேசையில் வாங்கியதுதான் நான் செய்த பாவம்.

ஆகவே பாலாஜிக்கு இப்போதே போன் செய். உனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல், எந்தப் பொய்யும் சொல், பாவம் என் கணக்கில் போகட்டும். வேலை வேண்டாம் என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை கோவைக்கு பஸ் ஏற வேண்டும். அன்று காலை பத்தரைக்கு அவன் வால்வருகே நான் நிற்பேன். சாவியை என் கையில் கொடுக்கட்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை சுற்றுவோம். பிறகு அவன் திரும்பிப் பார்க்காமல் போகட்டும்.

மற்ற ஏழு பேர் வீட்டுக்கும் இன்று மாலை போகிறேன். பேய் என்றால் சிரிப்பார்கள், வேலையை விடு என்றால் அடிக்க வருவார்கள். இரண்டுக்கும் தயாராகத்தான் போகிறேன். தருகிறவர்களிடமெல்லாம் நானே வாங்கிக்கொள்வேன். கோதண்டபாணியிடம் வாங்கத்தான் இனி வழியில்லை. வியாழக்கிழமை அவரும் தண்ணீர் விடும் நாள். அந்த மூடி மேல் கை வைத்து மன்னிப்புக் கேட்கப்போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கௌஸ் பாஷாவிடம் எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று. சொந்த ஊருக்கே மாற்றல் கேட்டு நீ எழுதிய விண்ணப்பம் நேற்று நம் அலுவலகத்துக்கு வந்தது. இரண்டு வருடமாக நான்தான் வா வா என்று உன் உயிரை வாங்கினேன். இப்போது நானே சொல்கிறேன், அதைத் திரும்ப வாங்கிக்கொள். நான் ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கிறது. அன்றைக்கு இந்தச் சாவிகளை வாங்க யாராவது ஒருவர் வந்து என் கையோடு கை வைத்தாக வேண்டும். நான் கூப்பிட்டால் நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும்.

அல்லாஹ் உன்னையும் உன் தம்பியையும் நூறு வயது வரை நன்றாக வைத்திருக்கட்டும். எனக்குத் தூரமாகவே வைத்திருக்கட்டும்.

உன்,
ஜோஹரா